மாங்கொட்டைக்குள் வண்டு



ஆனி மாதம் பிறந்தாலே காரைக்காலில் மாம்பழப் பேச்சுதான். காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதி வரும்போது, மாடியிலிருந்து இறைக்கிற பழத்தை முந்தானையில் ஏந்தியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அப்படிக் கிடைத்த பழத்தின் கொட்டைக்குள் சில சமயம் உயிரோடு ஒரு வண்டு இருக்கும். "தோலில் ஓட்டையே இல்லையே, எப்படிம்மா உள்ளே போச்சு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். உங்களிடம் பதில் இருக்கிறதா?

அந்த வண்டுக்கு முகம் தும்பிக்கைபோல நீண்டிருக்கும். கடிக்கும் தாடை அதன் நுனியில். மாங்காய் பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு தோலைக் கொறித்து முட்டை வைக்கிறது. பக்கத்திலேயே பிறைபோல ஒரு கீறல். அதில் வழியும் பால் முட்டையை மூடிக் காய்ந்துவிடும். முட்டையிலிருந்து வரும் புழு சதைக்குள் புகுந்து கொட்டையை அடைந்து, அங்கேயே வண்டாகிறது. காய் பெருக்கப் பெருக்க புழு போன தடம் ஆறிவிடுகிறது.

நம் அரிசி டப்பாவில் இருப்பதும் இதே குடும்பம்தான். அரிசியைத் துளைத்து முட்டையிட்டு, துளையைப் பசையால் அடைத்துவிடும். எவ்வளவு புடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

அதற்காகச் சிலர் அரிசியில் வண்டு மாத்திரையை முடிந்து போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வண்டு அந்த நீண்ட மூக்கால் மூச்சு விடுவதில்லை. உடம்பின் இரு பக்கமும் வரிசையாக உள்ள சிறு துளைகள்தான் அதற்கு மூச்சுவழி. மாத்திரையின் புகை அவற்றின் வழியே போய்க் கொல்கிறது. அதே புகை, கதவு சாத்திய வீட்டில் தூங்கும் குழந்தையையும் கொல்லும்.

பாட்டிமார் துவரைக்குச் செம்மண் கட்டினார்களே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? பூச்சிக்கு உள்ளே எலும்பு கிடையாது. மேலோடுதான் அதைத் தாங்கி நிற்கிறது. ஓட்டின்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. உடம்பின் ஈரம் போகாமல் காப்பது அதுதான். மண்தூள் அந்த மெழுகை உரசி எடுத்துவிட, வண்டு காய்ந்து செத்துப்போகும். பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கு இது கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது. எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

அடுத்த முறை அரிசி சலிக்கும்போது ஒரு வண்டைப் பிள்ளையின் உள்ளங்கையில் விட்டு, லென்ஸ் ஒன்றைக் கொடுங்கள். ஆறு கால்கள், முழங்கைபோல மடிந்த உணர்கொம்பு எல்லாம் தெரியும். கடிக்காது, பயம் வேண்டாம்.

உங்கள் வீட்டில் பயறைக் காத்தது எது? செம்மண்ணா, வேப்பிலையா, மொட்டைமாடி வெயிலா? எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்