அம்மாவுக்குப் புரியும் சொல் வேண்டும்



'மேண்ட்', 'டேக்ட்', 'ப்ராம்ட்', 'ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்'. ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் கேட்கும் சொற்கள் இவை. என் ஊரான குனோங் ராபாட்டில் தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் ஒரு தாய்க்கு இவை எப்படி விளங்கும்? தமிழ்ப்பள்ளியில் கற்ற அறிவியலைத் தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாயில் தொடர்ந்தவள் நான். தெரிந்த பாடமே சொல் மாறினால் அந்நியமாகிவிடும்.

இவற்றுள் சில, பி.எஃப். ஸ்கின்னர் 1957-இல் வெளியிட்ட 'வெர்பல் பிஹேவியர்' நூலில் வந்தவை. பேச்சை அது செய்யும் வேலையைக் கொண்டு அவர் பிரித்தார். எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த ஹியோங் பியா பிஸ்கட்டையே எடுத்துக்கொள்வோம். தின்ன ஆசைப்பட்டுப் பிள்ளை "பியா" என்று கேட்டால் அது 'மேண்ட்'. நாம் 'வேண்டல்' எனலாம். கடையில் அடுக்கியிருப்பதைப் பார்த்து வெறுமனே பெயர் சொன்னால் 'டேக்ட்', அது 'சுட்டல்'. அம்மா சொன்னதைத் திருப்பிச் சொன்னால் 'எதிரொலித்தல்'. ஒரே சொல், மூன்று வேலை! படம் பார்த்துப் பெயர் சொல்லும் பிள்ளை, பசிக்கும்போது கேட்கத் தெரியாமல் அழுவது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா? சுட்டல் வந்தால் வேண்டலும் வந்துவிடும் என்பதில்லை.

கேட்டதும் பிஸ்கட் கிடைப்பதால் கேட்கும் பழக்கம் வளர்வது 'வலுவூட்டல்'. அழுகையை நிறுத்தக் கொடுத்தாலோ அழுகைதான் வலுப்படும். 'எதிர்மறை வலுவூட்டல்' தண்டனை அன்று. காதைப் பொத்தினால் இரைச்சல் குறைகிறது. அதனால் பிள்ளை மறுபடியும் பொத்துகிறது. அவ்வளவே. கைபிடித்தோ சாடை காட்டியோ உதவுவது 'ப்ராம்ட்', அதாவது 'தூண்டுதவி'. அதைப் படிப்படியாகக் குறைக்காவிட்டால் பிள்ளை சாடைக்காகவே காத்திருக்கும்.

பயிற்சியாளரிடம் கழிவது சில மணி நேரமே. மற்ற நேரமெல்லாம் அம்மாவும் பாட்டியும்தான். அவர்களுக்குச் சொல் புரிந்தால்தான் வீட்டில் பயிற்சி தொடரும், கேள்வியும் எழும். லோவாஸ் 1987-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் தண்டனையும் இடம்பெற்றிருந்தது. இம்முறை பிள்ளையின் இயல்பை அடக்குகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எதிர்க்கின்றனர். "என் பிள்ளையிடம் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கத் தாய்க்கு மொழி வேண்டாமா?

"பிள்ளை குழம்பும், ஒரே மொழி பேசுங்கள்" என்ற அறிவுரையில் முதலில் பலியாவது தமிழ். இரு மொழி கேட்பதால் இப்பிள்ளைகளின் பேச்சு கெடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

பட்டிமன்றம் நடத்தும் நம் கழகம், உளவியலும் மருத்துவமும் பயிலும் நம் மாணவர்களைக் கூட்டி, இருபது சொற்களுக்கு எளிய தமிழில் ஒரு கையேடு போடட்டும். முன்னாள் மாணவர்களே, துறை அறிந்த நீங்கள் பிழை திருத்தித் தாருங்கள். மேடையில் முழங்கும் தமிழ், ஒரு பிள்ளை தண்ணீர் கேட்கவும் உதவட்டும்!