செய்தியற்ற தெரு

2025 ஜூலை 11. பாரிசு மாநகரில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக்குழு, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமென ஏற்றது. அவற்றுள் ஒன்று நம் செஞ்சி! ஏடுகளில் செஞ்சி, தொலைக்காட்சியில் செஞ்சி, கைப்பேசியில் செஞ்சி! மகிழ்ந்தோம், மறுக்கவில்லை.

அந்த வாரம் வகுப்பறையில், "உங்கள் தெருச் செய்தி ஒன்று எழுதுங்கள்" என்றோம். கோட்டையை எழுதினர் பலர். விபத்தை எழுதினர் சிலர். கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் வெறுந்தாளை நீட்டினான். "எங்க தெருவுல செய்தி ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்றான்.

எத்தெரு அவன் தெரு? குடமேந்திய பெண்கள் நெடுந்தொலைவு நடக்கும் தெரு! மழை வந்தால் பிணத்தையும் சேற்றிலே சுமக்கும் தெரு! அங்கே செய்தி இல்லையாம்! இந்தப் பாடத்தை அவனுக்குக் கற்பித்தவர் யார்?

"சொல்லத்தக்கதே செய்தி" என்பர் ஏடு நடத்துவோர். தக்கது எதுவெனத் தீர்ப்பளிப்பவர் யார்? நார்வே நாட்டு ஆய்வாளர் யோகான் கால்டுங், மாரி ரூகே இருவரும் 1965-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். காங்கோ, கியூபா, சைப்பிரசு நெருக்கடிகளை நார்வே ஏடுகள் நான்கு எவ்வாறு வெளியிட்டன என்று ஆராய்ந்த உரை அது. வல்லரசின் நடவடிக்கை, பெரியவர்களின் செயல், எதிர்பாராதது, தீயது ஆகியவை எளிதில் செய்தியாகும். மெல்ல மெல்ல நிகழ்வது ஏட்டின் கண்ணில் படுவது அரிது என விளக்கினர். வறுமை மெல்லத்தானே கொல்கிறது, தோழர்களே!

செஞ்சிக்கு இது புதிதன்று. ஏடுகள் பரவுமுன் ஊர்தோறும் செய்தி சுமந்தது கதைப்பாட்டு. 1714-இல் ஆர்க்காட்டு நவாபுடன் போரிட்டு மாண்ட தேசிங்கு ஆண்ட காலம் ஓராண்டுகூட நிரம்பவில்லை. ஆயினும் அவன் கதை நாடெங்கும் பாடப்பட்டது. அவன் ஏறிய குதிரைக்கும் அதில் புகழுண்டு! இராசகிரி உச்சிக்குக் கல் சுமந்தவனுக்கு? பெயருமில்லை, பாட்டுமில்லை!

பழங்கதை என்பீரோ? நம் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியைப் பாரீர்! அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிடர் நுழையத் தடை இருந்தது. அத்தடை நாடறிந்த செய்தியாகவில்லை. 2023 ஏப்ரலில் உள்ளே சென்ற இளைஞர் தாக்கப்பட்டார். ஜூன் 7-இல் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். படக்கருவிகள் ஓடோடி வந்தன! தடை செய்தியன்று, பூட்டே செய்தி! பூட்டிய கதவு படத்தில் விழும். பூட்டிய மனம் விழுமா?

"மக்கள் விரும்புவதைத் தருகிறோம்" என்பது அவர்தம் அடுத்த வாதம். சாராயம் விற்பவனும் அதைத்தானே சொல்கிறான்! நாள்தோறும் இராசிபலனை அச்சிட்டு விருப்பத்தை விதைத்தவர், விளைச்சலைக் காட்டி, "நிலம் கேட்டது, விதைத்தோம்" என்பதா? கைப்பேசி வந்தது, ஆளுக்கோர் அச்சகம் கிடைத்தது. அளவுகோல் மாறிற்றா? எத்தனை பேர் பார்த்தனர் என்பதே அங்கும் தராசு!

இளைஞர்களே! செய்தி எதைக் கண்டாலும் மூன்று கேள்விகள் எழுப்புங்கள். பேசியவர் யார்? கேட்கப்படாதவர் யார்? நேற்றுவரை இது எங்கே இருந்தது? கேட்டதோடு நில்லாதீர். எழுதுங்கள்! நாள், இடம், எண், கண்டவர் சொல், இந்நான்கும் இன்றி எழுதாதீர். ஏனெனில் பொய்யைப் பொய்யால் வெல்ல முடியாது. எழுதியதைப் படிப்பகச் சுவரில் ஒட்டுங்கள்!

அச்சிறுவனிடம் வெறுந்தாளைத் திருப்பிக் கொடுத்தோம். "தெருவை எண்ணிப் பார்த்து வா" என்றோம். மறுநாள் எழுதி வந்தான்: "எங்கள் தெருவில் வீடுகள் 38. குழாய் ஒன்று. பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை."

இது செய்தி அல்லவென்று சொல்லும் ஆசிரியர் எவரேனும் உண்டெனில், அவர் ஒரு குடத்தோடு அத்தெருவுக்கு வரட்டும்!