முடி நட்டாச்சு... கொட்டுதே!

"ரொம்ப வலிக்குமா?" முடி நடும் சிகிச்சைக்குப் போகிறவர்களின் முதல் கேள்வி இது. மரத்துப்போக ஊசி போடும் சில நிமிடங்கள் சுருக்கென்று இருக்கும். அன்று இரவு, முடி எடுத்த பின்மண்டைதான் வலிக்கும். தலையணையில் சாய்வதே பெரும்பாடு. டாக்டர் தரும் மாத்திரையில் சில நாளில் அடங்கிவிடும். 3-ம் நாள் நெற்றியும் இமைகளும் வீங்கலாம். கண்ணாடியில் பார்த்தால் பகீர் என்றிருக்கும், தானாக வடிந்துவிடும். பொருக்கு உதிர சுமார் 10 நாள் ஆகும். நகத்தால் பிய்க்கவே கூடாது.

பலரும் கலங்குவது அதற்குப் பிறகுதான். 2, 3 வாரத்தில் நட்ட முடி கொட்டத் தொடங்கும். 'கொடுத்த காசெல்லாம் போச்சே' என்று தோன்றும். வேர் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது. 3, 4 மாதத்தில் மெல்ல முளைக்கும். முழுப் பலன் தெரிய ஓராண்டாவது ஆகும்.

ஆனால், வலி நாளுக்கு நாள் கூடினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். 2016-ல் சென்னையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். யூடியூப் பார்ப்பதெல்லாம் பயிற்சி ஆகாது என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமே சொல்ல வேண்டியிருந்தது. ஊசி போடுவதும் கீறுவதும் பதிவுபெற்ற, பயிற்சி உள்ள டாக்டர்தானா என்று முன்பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள்.