பூமியின் நாடி

நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றங்கரையில் நிற்போருக்குத் தெரிவன நீரும் மணலுமே. காவிரிப் படுகையின் வடபாகமாகிய இப்பிரதேசத்தின் ஆழத்திலோ, கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த பாறையடுக்குகள் உள்ளன. நிலத்தில் அதிர்ச்சி எழுப்பி, அடுக்குகளில் மோதித் திரும்பும் எதிரொலியைக் கருவிகளில் பதிந்து, அவற்றின் அமைப்பைக் கணிப்பவர் புவிபௌதிக நிபுணர். வைத்தியர் நாடி பார்ப்பதை ஒத்த வித்தை இது! ஆயினும் எதிரொலி காட்டுவது அடுக்கின் வடிவத்தையே. எண்ணெய் உண்டா என்பதைத் துளையிட்டே அறிதல் வேண்டும். காவிரிப் படுகையின் முதல் ஆழ்கிணறு 1964-ல் புதுவையைச் சேர்ந்த காரைக்காலிலேயே தோண்டப்பட்டது. 2018-ல் விழுப்புரம், புதுவைக் கரையோரத்திலும் எண்ணெய் தேட உரிமை அளிக்கப்பட்டது. மறு ஆண்டு மரக்காணம் முதல் இராமேசுவரம் வரை மக்கள் கைகோத்து நின்று எதிர்த்தனர். நாடி பார்த்த வைத்தியர் வீட்டாரிடம் ஒன்றும் கூறாமற் போவதுண்டோ? நிபுணர்கள் தாம் கண்டதைத் தெளிந்த தமிழில் எழுதி, துளையிடுமுன் ஊரார்முன் வைத்தல் வேண்டுமென்பதே நமது கோரிக்கை.