நாற்பது பேர் கொண்ட அந்தப் பக்கம்

பாளையங்கோட்டைச் சபையாருக்கு, பெரியவர்களுக்கும் வாலிபப் பிள்ளைகளுக்கும் ஆக்லாந்திலிருந்து உங்கள் சபைப் பிள்ளையின் ஸ்தோத்திரம்.

நம் சபையின் சரித்திரத்தைச் சொல்ல வந்தால் நம் பெரிய கோயிலின் ஊசிக்கோபுரத்திலிருந்துதான் தொடங்குகிறோம். மிஷனரி இரேனியஸ் ஐயர் 1820இல் வந்தார், 1826இல் பெரிய கோயில் பிரதிஷ்டையானது, 1830இல் தரும சங்கம் ஏற்பட்டது என்று வரிசையாகச் சொல்வோம். அவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் வந்து இறங்கியபோதே நம் சபைக்கு வயது நாற்பது. அந்த நாற்பது வருஷத்தை நாம் ஏன் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறோம் என்றுதான் கேட்கிறேன்.

முதலில் கிளாரிந்தா அம்மாள். தஞ்சாவூர் மராத்திப் பிராமணக் குடும்பத்துப் பெண், இளம் விதவை. உடன்கட்டை ஏற இருந்தவளை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவரோடு பாளையங்கோட்டைக்கு வந்தாள், அவரிடமே வேதம் கற்றாள், ஞானஸ்நானம் கேட்டாள். மணமாகாமல் அவரோடு வாழ்ந்ததால் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் கொடுக்க மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல்தான் கொடுத்தார். மறுக்கப்பட்ட காலத்திலும் அந்த அம்மாள் விசுவாசத்தை விடவில்லை, தன்னைச் சுற்றியிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனிந்துவிடும். கதவு சாத்தப்பட்ட ஒருத்திதான் நமக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறாள். 1785இல் அவள் முயற்சியால் எழுந்த கோயிலை ஸ்வார்ட்ஸ் ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றார்கள். சபைக்கு வெளியே இருந்த அ. மாதவையா 1915இல் அவளை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.

இனி நான் எழுத வந்த விஷயம். 1780இல் எழுதப்பட்ட நம் முதல் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள். ஒரே சாதியார் அல்ல, பல சாதியார். இன்னார் இந்தப் பக்கம், இன்னார் அந்தப் பக்கம் என்று பிரிக்காமல் எல்லாரும் ஒரே பட்டியலில். அந்தக் காலத்தில் இதற்கு என்ன துணிச்சல் வேண்டியிருக்கும்! ஒரே தெருவில் நடக்க முடியாதவர்கள் ஒரே ஏட்டில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 1790இல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் ஐயர் மேய்த்ததும் இந்தச் சிறு மந்தையைத்தான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பிரதிஷ்டை நடந்த அதே 1785இல்தான் ஸ்வார்ட்ஸ் ஐயர் திருநெல்வேலிப் பையன் ஒருவனைப் படிக்க வைக்கத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அவர்தான் பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியார். இங்கே நாங்கள் வாடகைக்கு எடுத்த கோயிலில், ஞாயிறு பிற்பகல் அவருடைய கீர்த்தனையைப் பாடும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்வேன்.

ஆனால் அதே கோயிலில் ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது புதிதாக வந்த குடும்பத்தைச் சுற்றி நிற்போம். "எந்த ஊர்?" "எந்தச் சேகரம்?" இதுவரை அன்புதான். அடுத்து, "உங்க பெரியப்பா எங்க பொண்ணெடுத்திருக்காங்க?" என்று ஒருவர் கேட்பார். என்ன தெரிந்துகொள்ளக் கேட்கிறார் என்பது கேட்டவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கடல் தாண்டியும் சாதி எங்களை விடவில்லை. எங்கே கற்றுக்கொண்டு வந்தோம்? நம் ஊரில்தான். சபைப் பத்திரிகைகளில் வரும் மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள். சேகரத் தேர்தல் வந்தால் யார் யாருக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று பாருங்கள். இருநூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தைய அந்தப் பக்கத்தில் இருந்த இடம் நம் வீடுகளில் இல்லை. எனக்கு இது மிகுந்த வேதனை.

அதனால் கேட்கிறேன். அடுத்த பிரதிஷ்டைப் பண்டிகையில், அசனத்துக்கு முன்னால், அந்த நாற்பது பேரையும் பெயர் சொல்லி வாசியுங்கள். பதிவேட்டைப் பற்றி கால்டுவெல் ஐயர் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷன் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். நம் கல்லூரிப் பிள்ளைகள் தேடி எடுத்துத் தருவார்கள். திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகிற பிள்ளைகளுக்கும் இதைப் பாடமாக வையுங்கள். ஐயரவாள் மனம் வைத்தால் இந்த வருஷமே நடக்கும்.

என் மகளுக்கு இரண்டொரு வருஷத்தில் வரன் பார்க்க வேண்டும். அப்போது எங்கே பொண்ணெடுத்திருக்கிறார்கள் என்ற அந்தக் கேள்வியை நானும் கேட்க மாட்டேன், என் வீட்டாரையும் கேட்க விட மாட்டேன். உங்கள் எல்லாருக்கும் முன்பாக இதை எழுதித் தருகிறேன்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
உங்கள் சபைப் பிள்ளை