பத்து ரிங்கிட் கேஸ் சென்சார் உங்கள் சமையலறையைக் காப்பாற்றுமா?

2025 ஏப்ரல் 1. நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை. சிலாங்கூர், புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி எரிவாயுக் குழாய் ஒன்று வெடித்துத் தீப்பற்றியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால் எழுந்த அந்தத் தீயின் வீடியோவை நம்மில் பார்க்காதவர்கள் குறைவு.

அதைப் பார்த்தவர்களுக்கு "நம்ம வீட்டு கேஸ் கசிஞ்சா எப்படித் தெரியும்?" என்ற கேள்வி வருவது இயல்பு. இணையக் கடைகளில் தேடினால் முதலில் வந்து நிற்பது எம்கியூ-2 என்ற சின்ன சென்சார் போர்டு. விலை பத்து ரிங்கிட்டுக்கும் குறைவு. பள்ளி, கல்லூரி புரோஜெக்ட் செய்தவர்களுக்கு இது பழைய நண்பன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். புத்ரா ஹைட்ஸில் வெடித்தது பெட்ரோனாஸ் கேஸ் நிறுவனத்தின் பெரிய குழாய். அதில் உயர் அழுத்தத்தில் ஓடியது இயற்கை எரிவாயு. அப்படி ஒரு வெடிப்புக்கு முன்னால் சமையலறை சென்சார் எதுவும் உதவாது. நம் வீட்டுத் தோங்கில் இருப்பது எல்பிஜி. அது வேறு வாயு, அதன் குணமும் வேறு. அங்கேதான் சென்சாருக்கு வேலை இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

எம்கியூ-2-இன் கம்பி வலை மூடிக்குள் டின் டைஆக்சைடு பூசிய ஒரு குட்டிக் குழாய் இருக்கிறது. அதற்குள் ஒரு ஹீட்டர். கரண்ட் கொடுத்ததும் அது சூடேறும். தொட்டுப் பார்த்தால் மூடியே வெதுவெதுப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

சுத்தமான காற்றில், சூடான அந்தப் பூச்சின் மேல் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்சாரம் ஓடுவது கஷ்டமாகும். எரியக்கூடிய வாயு வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரியும். எலக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை இறங்கும். அந்த மாற்றத்தைத்தான் போர்டு நமக்கு வோல்டேஜாகக் காட்டுகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஜப்பானில் வீடுகளுக்கு எல்பிஜி பரவி, விபத்துகளும் கூடிய காலத்தில், நவோயோஷி தகுச்சி என்பவர் 1962-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். வீட்டுச் சமையலறைக்காகவே பிறந்த தொழில்நுட்பம் இது. அப்படியென்றால் பிரச்சினை எங்கே?

திரையில் தெரியும் எண் என்ன சொல்கிறது?

ஆர்டுயினோ ஊனோவில் இணைத்தால் 0 முதல் 1023 வரை ஓர் எண் வரும். 400 என்று வந்தால் பலர் "400 பிபிஎம்" என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுகிறார்கள். தவறு. அது வெறும் வோல்டேஜ் அளவு. பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு வாயு என்பதைச் சொல்ல வேண்டுமானால், அளவு தெரிந்த வாயுவில் அந்தக் குறிப்பிட்ட சென்சாரை வைத்து அளவீடு செய்திருக்க வேண்டும். பக்கத்துப் பெட்டியில் இருக்கும் இன்னொரு எம்கியூ-2 அதே காற்றில் வேறு எண்ணைக் காட்டலாம்.

இன்னும் இருக்கிறது. புதுச் சென்சாரை 24 மணி நேரத்துக்கு மேல் சூடாக்கிய பிறகே அளவீடு செய்யச் சொல்கிறது அதன் டேட்டாஷீட். அதில் உள்ள வரைபடங்கள் 20 டிகிரி வெப்பம், 65 விழுக்காடு ஈரப்பதத்தில் எடுக்கப்பட்டவை. நம் ஊர்ச் சமையலறையில் 20 டிகிரி எப்போது இருந்தது?

அதோடு இந்தச் சென்சாருக்கு வாயுக்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்பிஜி, மீத்தேன், ஹைட்ரஜன், ஆல்கஹால் ஆவி, புகை எல்லாமே அதற்கு "ஏதோ வந்திருக்கு" என்பதுதான். கையில் சானிடைசர் தேய்த்துவிட்டு அருகே போய்ப் பாருங்கள், எண் எகிறும். இது வெறும் தொல்லை மட்டும் இல்லை. நாலு தடவை வீணாக அலறிய கருவியை ஐந்தாவது தடவை அம்மா பிளக்கிலிருந்து பிடுங்கி வைத்துவிடுவார். ஆறாவது தடவை உண்மையாகவே கசியலாம்.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து?

காற்றில் வாயு மிகக் குறைவாக இருந்தால் தீப்பொறி பட்டாலும் எரியாது. எரியத் தொடங்கும் குறைந்தபட்ச அளவை எல்இஎல் என்பார்கள். எல்பிஜிக்கு அது ஏறக்குறைய 2 விழுக்காடு, அதாவது 20,000 பிபிஎம். மீத்தேனுக்கு 5 விழுக்காடு. எம்கியூ-2 அளக்கக்கூடியது 300 முதல் 10,000 பிபிஎம் வரை. ஆக, ஆபத்து எல்லைக்கு வெகு முன்னாலேயே அதனால் எச்சரிக்க முடியும். இந்த விஷயத்தில் அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் சரியான இடத்தில் இருந்தால்தான். எல்பிஜியில் இருக்கும் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தண்ணீர் மாதிரி கீழே இறங்கும். கேபினட்டுக்கு அடியில் தேங்கும், பின்வாசல் லோங்காங் வரை போகும். சென்சாரைக் கூரையில் ஒட்டினால் கால் மட்டத்தில் நிறைந்திருக்கும் வாயு அதற்குத் தெரியவே தெரியாது. தோங் இருக்கும் வீட்டில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் வைக்க வேண்டும். குழாய் வழி இயற்கை எரிவாயு வரும் அடுக்குமாடி வீட்டில் தலைகீழ்: மீத்தேன் லேசானது, மேலே போகும். அங்கே கூரைக்கு அருகில் வைக்க வேண்டும்.

அந்த ஃபேனை யார் போடச் சொன்னது?

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான். கேஸ் சென்சார் புரோஜெக்ட் வீடியோக்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி: லைட்டரிலிருந்து கொஞ்சம் கேஸை விடுவார்கள், பஸர் கத்தும், "டிக்" என்று ரிலே விழும், எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றத் தொடங்கும். எல்லாரும் கைதட்டுவார்கள்.

கேஸ் வாடை வந்தால் எந்தச் சுவிட்ச்சையும் தொடாதே, போடவும் கூடாது அணைக்கவும் கூடாது என்பது அடிப்படைப் பாடம். சுவிட்ச்சுக்குள் வரும் சின்னத் தீப்பொறி போதும். நாம் விரலால் செய்யக் கூடாது என்று சொல்லும் அதே வேலையை இந்த புரோஜெக்ட் ரிலேயால் செய்கிறது. அந்த "டிக்" ஒரு தீப்பொறி. பிரஷ் வைத்த மோட்டார் என்றால் அது சுற்றும்வரை தீப்பொறிதான்.

தொழிற்சாலைகளிலும் வாயு கசிந்தால் ஃபேன் தானாக ஓடுமே என்று கேட்கலாம். ஓடும். ஆனால் அங்கே அந்த ஃபேனும் சுவிட்ச்சும் வெடிப்பைத் தூண்டாதபடி தனியாகச் செய்யப்பட்டவை. சென்சாரும் எல்இஎல்லில் பத்தில் ஒரு பங்கு போன்ற அளவில் குரல் கொடுக்கும்படி அளவீடு செய்யப்பட்டிருக்கும். நம் போர்டில் உள்ள நீல நிறத் திருகை "சுமாரா இவ்ளோ" என்று திருப்பி வைத்த அளவு எத்தனை பிபிஎம் என்று யாருக்கும் தெரியாது. சென்சார் இருக்கும் மூலையில் குறைவாகவும் ஃபேன் இருக்கும் இடத்தில் அதிகமாகவும் வாயு இருக்கலாம்.

புரோஜெக்ட் செய்யும் தம்பி தங்கைகளுக்கு: ரிலேயையும் ஃபேனையும் விட்டுவிட்டு, எச்சரிக்கையைப் போனுக்கு அனுப்புங்கள். அதுவே நல்ல புரோஜெக்ட். பெரும்பாலான போர்டுகளில் வாயு வந்தால் டிஓ பின் மேலே ஏறாது, பூஜ்யத்துக்கு இறங்கும். கோட் எழுதும்போது கவனம். இஎஸ்பி32 பயன்படுத்தினால் 5 வோல்ட்டில் ஓடும் ஏஓ பின்னை நேரடியாக இணைக்காதீர்கள், அது தாங்குவது 3.3 வோல்ட்தான். சோதித்துப் பார்க்க வீட்டுத் தோங்கைத் திறக்கவே கூடாது.

அப்போ வீட்டுக்கு?

வீட்டைக் காக்க என்றால், அதற்கென்றே தரச் சோதனையில் தேறிய கருவியை வாங்குங்கள். ஐரோப்பாவின் இஎன் 50194, அமெரிக்காவின் யூஎல் 1484 போன்ற தரக் குறியீடு பெட்டியில் இருக்கிறதா, எல்பிஜிக்கா இயற்கை எரிவாயுவுக்கா, எந்த ஆண்டில் மாற்ற வேண்டும் என்று பாருங்கள். உள்ளே இருப்பது அதே டின் டைஆக்சைடாகக்கூட இருக்கலாம். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அளவீட்டுக்கும் சோதனைக்கும்தான்.

கருவி அலறினாலோ, வாடை வந்தாலோ: அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரையும் வெளியே கூட்டிப் போங்கள். போனைக்கூட வெளியே போன பிறகே எடுத்து 999-ஐ அழையுங்கள். போம்பா வரட்டும்.

இன்றைக்கே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, அதற்குச் சென்சாரும் வேண்டாம். சோப்புத் தண்ணீரை ரெகுலேட்டர் மூட்டிலும் ரப்பர் ஹோஸ் முழுவதும் தடவுங்கள். குமிழ் வந்தால் அங்கே கசிகிறது. உடனே ரெகுலேட்டரை மூடிவிட்டு, தோங் போடும் அண்ணனுக்கு போன் பண்ணுங்கள். ஹோஸைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று அவர் கேட்டால், பல வீடுகளில் பதில் இருக்காது.