மாடலையும் சேர்த்து வையுங்கள்

2025 சூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நம் செஞ்சிக் கோட்டைக்குள் பெரிய நெற்களஞ்சியங்கள் உண்டு. முற்றுகை நாளில் வாளைவிட நெல்லே பெரிதென்று அறிந்தவர்கள் கட்டியவை. அந்த அறிவு நம் செயல்திட்டக் கட்டுரைகளில் இல்லையே என்பதுதான் என் குறை.

கணிதம், புள்ளியியல், பொருளியல் மாணவர்கள் இன்று 'ஆர்' மொழியைக் கையாள்கிறோம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய அம்மொழி விலையின்றிக் கிடைக்கிறது. அரசுக் கல்லூரி மாணவருக்கு வேறென்ன வேண்டும்? செஞ்சி, மேல்மலையனூர், திண்டிவனம், வானூர் என்று வட்டந்தோறும் மழைக்கும் மணிலா விளைச்சலுக்கும் (நம் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை) தொடர்புப் போக்குக் காண்பதாக வைத்துக்கொள்வோம். 'எல்.எம்.' என்னும் கட்டளை நொடியில் மாடலைப் பொருத்தித் தந்துவிடும். 'மாதிரி' என்று எழுதினால் கூறெடுப்பையும் குறிக்குமாதலால் மாடல் என்றே எழுதுகிறேன், தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க.

அதன்பின் நாம் செய்வதென்ன? திரையில் தெரியும் கெழுக்களை நோட்டில் குறித்துக்கொண்டு கணிப்பொறியை அணைத்துவிடுகிறோம். மாடலுக்குள் இருந்த எச்சங்கள், விடுபட்ட ஆண்டுகளின் குறிப்பு, பொருத்தப் பயன்பட்ட தரவு எல்லாம் போயின. மழை பெய்தும் விளையாத ஆண்டு எதுவென்று சொல்வது அந்த எச்சந்தானே! தரவிருந்தால் மீண்டும் பொருத்தலாமே என்பார்கள். பொருத்தலாம், எந்த ஆண்டை ஏன் நீக்கினோம் என்பது அடுத்த அணிக்கு எப்படித் தெரியும்?

சேமிப்பது கடினமன்று. வட்டத்தின் பெயரிட்டு மாடல்களை ஒரே 'லிஸ்ட்'டில் வைத்து, 'சேவ்ஆர்டிஎஸ்' கட்டளையால் கோப்பாக்கினால் போதும். 'ரீட்ஆர்டிஎஸ்' அதை மீட்டுத் தரும். விரும்பிய பெயரையும் சூட்டிக்கொள்ளலாம். 'சேவ்', 'லோட்' இணையோ பழைய பெயரிலேயே மீட்டு, அப்பெயரில் இருப்பதைச் சொல்லாமல் அழித்துவிடும். எடுக்கும்போதுதான் பலர் தடுமாறுகிறோம். ஒற்றைச் சதுர அடைப்பில் 'செஞ்சி' என்று கேட்டால் செஞ்சி மட்டும் உள்ள சிறு லிஸ்ட் வரும். மூட்டையோடு நெல் வந்ததுபோல. இரட்டை அடைப்பில் கேட்டால்தான் மாடலே கைக்கு வரும். அதனிடந்தான் 'பிரெடிக்ட்' கட்டளை செல்லும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாடல் தன்னைப் பொருத்திய தரவையும் சுமந்தே செல்கிறது. சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று வருமானமும் கடனும் கேட்டுத் தொகுத்த ஆய்வானால், அம்மாடலை நண்பருக்கு அனுப்புவது அக்குடும்பங்களின் கணக்கையே அனுப்புவதாகும். 'மாடல்' என்னும் உறுப்பை மட்டும் நீக்கினாலும் தீராது. பொருந்திய மதிப்பையும் எச்சத்தையும் கூட்டினால் பழைய எண் வந்துவிடும். இத்தகைய கோப்பு துறையை விட்டு வெளியே போகலாகாது.

ஆதலின் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரும் பருவம் முதல், தைத்த கட்டுரையோடு மாடல் கோப்பையும் கட்டளை நிரலையும் கேட்டு வாங்குங்கள். அதற்கு 5 மதிப்பெண் ஒதுக்குங்கள்; மறுநாளே எல்லோரும் சேமிப்போம்.